சில சமயம் ஐந்து

வானொலிக் குரல் சொன்னது:
வடக்கிலிருந்து நான்கு, சில சமயம் ஐந்து.
நான்கோடு எனக்கு வழக்கில்லை.
ஐந்தும் பழகிய ஆள்தான்.
அந்தச் 'சில சமயம்',
அது எந்தச் சமயம் என்று
ஒருநாளும் சொன்னதில்லை அந்தக் குரல்.

பீட்னெல் துறைமுகச் சுவர். காலை ஏழரை.
கையில் ஆறிப்போன தேநீர்.
கீழே பதினாலு அடிப் படகு:
பாதி என்னுடையது,
பாதி ஹிலரி ரட்டருடையது,
எஞ்சின் இன்னும் வங்கியுடையது.

லெஸ்டரிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிவந்த
துஷ்யந்தன் அத்தானும் இரண்டு பிள்ளைகளும்
மிதவைச் சட்டை மாட்டி, கொக்கி பூட்டி,
பஃபின் பார்க்கத் தயார்.
ஆரணியின் பையில் அந்தப் பறவைகளுக்கென்று
யாருக்கும் தெரியாமல் அரைப் பொதி முறுக்கு.

"குளம் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அத்தான்.

குளம்தான்.
வாடைக்கு முதுகு காட்டிக் குந்தியிருக்கிற ஊர் இது.
இங்கே நின்று பார்த்தால்
விலகிப் போகும் அலைகளின் முதுகு மட்டும் தெரியும்.
முகத்தை அவை அந்தப் பக்கம் வைத்திருக்கும்.
முதுகைப் பார்த்து ஆளை எடைபோட்டு
ஒருமுறை நனைந்திருக்கிறேன், இடுப்புவரை.
அதை வீட்டில் சொல்லவில்லை.

நான் பார்த்தது முனையோரத்து நண்டுக்கூண்டு மிதவையை.
வற்று நீர் அதை வடக்கே இழுத்துச் சாய்த்திருந்தது.
அதன் தலையில் கட்டிய கறுப்புக் கொடி
தெற்கே துடித்தது.
ஒரே கம்பம்.
காலுக்கு ஒரு சொல், தலைக்கு ஒரு சொல்.
அதற்கும் அப்பால் அடிவானம்
கோடாக இல்லை,
ரொட்டி அறுக்கும் கத்தியின் வாய் மாதிரி.

ஹிலரி பார்த்தாள்.
"உன் சொந்தக்காரர். உன் முடிவு"
என்று சொல்லிவிட்டு
எரிபொருள் குழாயைப் பூட்டவும் இல்லை,
கழற்றவும் இல்லை.

வேண்டாம் என்றேன்.

எவ்வளவு பெரிய அலை வந்தால் கவிழும்,
அத்தான் கேட்டது கோபத்தில்.
படகின் அகலம் எவ்வளவோ
அவ்வளவு உயரத்தில் ஒன்று
பக்கவாட்டில் உடைந்தால் போதும் என்றேன்.
ஏணியில் இறங்கினார்.
நடுப்பலகையில் நின்று கைகளை விரித்தார்.
இரண்டு பக்கமும் விரல் நுனி தொட்டது.
ஏறி வந்தபிறகு
குளம் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை,
பதினொரு மணிவரைக்கும்.

பதினொரு மணிக்கு நீலப் படகு புறப்பட்டது,
ஆறு பேரும் ஒரு நாயும்.
காற்று ஓய்ந்துகொண்டே வந்தது, வேண்டுமென்றே.
இரண்டு மணிக்குக் கடல்
இஸ்திரி போட்ட வேட்டி.
நாங்கள் சீஹவுசஸில் மீனும் சிப்ஸும் வாங்கி
கார் கண்ணாடிக்குப் பின்னால் தின்றோம்.
நிலவன் என்னோடு பேசவில்லை.
நனைந்து திரும்பியவனுக்குக் கதை இருக்கிறது.
போகாதவனுக்கு
வினிகர் நாறும் காகிதம்.

நீலப் படகுக்காரன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.
எப்படி இருந்தது என்றேன்.
"அருமை" என்றான்.
இரண்டு சுற்று சுற்றியபின்
"ஒரே ஒரு தடவைதான்" என்றான்.
நான் காத்திருந்தேன்.
நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டான்.

சரியாகச் சொன்னேனா?
ஹிலரியைக் கேட்டேன்.
தோளைக் குலுக்கினாள்.
அந்தத் தோளை நான்
எட்டு வருடமாக வாசிக்கிறேன்,
இன்னும் எழுத்துக்கூட்டித்தான்.

அடுத்த வியாழன் தபாலில் ஒரு பொதி.
ஆரணி கழற்ற மறந்து
காரில் தூங்கிப்போன மிதவைச் சட்டை.
கொக்கி பூட்டியபடியே இருந்தது.
கழுத்துப் பட்டியை முகர்ந்து பார்த்தேன்,
நக்கியும் பார்த்தேன், யாரும் இல்லை பக்கத்தில்.
உப்பு இல்லை.
பையில் கொஞ்சம் முறுக்குத் தூள்.