பதினாறில் ஒன்பது

தஞ்சாவூரிலிருந்து பேருந்தில்
மடியில் வைத்தே கொண்டுவந்தான் அற்புதராஜ்,
டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்பு டி.ஏ.சி.
"வியாழன் வரைக்கும் கேளு.
பிடிச்சா இருபத்தெட்டாயிரம்.
பிடிக்கலன்னா துடைச்சுக் கொடு."

எண்களை ஒலியாக்குவதுதான் அதன் வேலை.
அதே வேலையை ஆறு வருடமாக
முகம் சுளிக்காமல் செய்கிற ஒன்று
அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது.
விலை மூவாயிரத்துச் சொச்சம்.
மேலே பல்லி எச்சம்.

நீடாமங்கலம் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் மேசை எனக்கு.
குறுவைக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம்
முதல் கேள்வி இதுதான்:
"இருக்கிற மோட்டார் ஓடுதா, ஓடலையா?"
போன வாரம் பக்கிரிசாமி சொன்னார்:
"ஓடுது சார். தண்ணிதான் வரல."
அதை எழுதப் படிவத்தில் கட்டம் கிடையாது.

முதல் இரவு,
மச்சினன் கல்யாணத்தில் நானே பதிந்த நாகஸ்வரம்.
தோடி மேலே ஏறி மூச்சுப் பிடித்து நிற்கிற இடத்தில்
யாரோ ஒரு டம்ளரைத் தரையில் வைக்கிறார்கள்.
இத்தனை நாள் கேட்டதே இல்லை.
எழுந்து நின்றுவிட்டேன்.
பத்து மணிக்கெல்லாம் மனசு செக்கில் கையெழுத்துப் போட்டாயிற்று.

பத்தேகாலுக்கு, சும்மா, பழையதுக்கு மாற்றினேன்.
டம்ளர் அங்கேயும் இருந்தது.
அதே இடம், அதே விளிம்பு உரசல்.
ஆறு வருடமாக யாரோ வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
நான்தான் அந்தப் பக்கம் போனதில்லை.

மறுநாள் பரீட்சை.
மீட்டர் வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒன்றாக்கினேன்.
ஒரு இழை கூடினாலும்
காது அதை அழகு என்று நம்பிவிடும்.
செங்கமலம் என் முதுகுக்குப் பின்னால்,
ஒயர்களின் மேல் ஈரத்துண்டு போட்டு மறைத்து,
மடியில் கேஸ் புத்தகம், கையில் இரண்டு ரூபாய்க் காசு.
தலை விழுந்தால் புதுசு, பூ விழுந்தால் பழசு.
மன்னார்குடியில் கணக்கு டீச்சர்;
முகத்திலிருந்து விடை படிக்க முடியாது.

"புதுசு."
"ம்."
"பழசு."
"ம்."
நடுவில் நெல் ஏற்றிய கூட்ஸ் வண்டி போக
ஜன்னல் அடங்கும்வரை காத்திருந்தோம்.
"பழசு. நிச்சயமா பழசு. ஒரு புகை மாதிரி இருக்கு."
"ம்."

பதினாறில் ஒன்பது சரி.
"காசைச் சுண்டியே எழுதியிருந்தாலும் எட்டு வந்திருக்கும்,"
என்றாள்,
விடைத்தாள் கொடுக்கிற குரலில்.
பிறகு நோட்டைத் திருப்பிக் காட்டினாள்:
கடைசி ஐந்தில் நான்கு தப்பு.
புகை, புகை என்று நான் பழசின் மேல் பழிபோட்ட நேரம்.
மணி பதினொன்று தாண்டியிருந்தது.
மும்முனை மின்சாரம் விட்டிருக்கிறான்;
வெண்ணாற்றுக் கரையில்
போர்செட்டுகள் ஒன்றாகப் பிடித்திருக்கின்றன.
இரண்டு பெட்டியிலும் ஒரே இரைச்சல்.

புழக்கடையில் எர்த் கம்பி புதைத்த இடம்
சித்திரை முழுக்கக் காய்ந்து வெடித்துக் கிடந்தது.
மேட்டூர் திறந்து பத்து நாள்,
மூணாறு தலைப்பு தாண்டி இன்னும் வரவில்லை.
அடிபம்பில் இரண்டு வாளி அடித்து
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
பாதிராத்திரியில் ஊற்றினேன்.
மண் குடித்த சத்தம் நன்றாகக் கேட்டது.
உள்ளே வந்தால் இரைச்சல் பாதி.
முழுசும் போகவில்லை.
கரியும் உப்பும் போட்டு புதுக்குழி வெட்ட
ஆயிரத்து அறுநூறு கேட்கிறார் எலெக்ட்ரீஷியன்.

வியாழக்கிழமை துடைத்துக் கொடுத்தேன்.
"எப்படி?" என்றான் அற்புதராஜ்.
"நல்லாருக்கு," என்றேன். பொய்யில்லை.

அன்று மத்தியானம் பக்கிரிசாமியின் படிவத்தில்
கட்டத்துக்கு வெளியே, ஓரமாக எழுதினேன்:
ஓடுகிறது. தண்ணீர் வரவில்லை. பரிந்துரைக்கிறேன்.

ஒன்றை மட்டும் செங்கமலத்திடம் சொல்லவில்லை.
அந்தப் பெட்டியின் திருகு.
திருப்பினால் விரலுக்கே தூக்கம் வரும்.
அதற்காகவே ஒரு நாலாயிரம்
கொடுத்திருப்பேன்.