நாலாவது பாட்டில் வருகிற ஆள்

அந்த ஆல்பத்தில் ஒன்பது பாட்டு.
ஒன்பது பேர்.
நாலாவது நான்.

பெயரை மாற்றிவிட்டாள்.
இருதயராஜ் மெட்டில் உட்காரவில்லையாம்,
மாசிலா என்று வைத்திருக்கிறாள்.
கூடவே ஒரு பூனை.
பூனை கிட்டே வந்தாலே எனக்குத் தும்மல்.

மற்றபடி சரிதான்.
அயனாவரத்துச் சந்துகள், தோளில் பை,
மீட்டர் பெட்டியைத் திறந்ததும்
முதலில் பல்லிக்கு வழிவிடுகிற பழக்கம்,
வாசலில் நின்றபடியே
வீட்டைப் படித்துவிடுகிற பழக்கம்.
நூறு யூனிட் ஏறியிருந்தால்
மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.
திடீரென்று பாதியாகியிருந்தால்
நான் எதுவும் கேட்பதில்லை.

இதையெல்லாம் அவளிடம் எப்போது சொன்னேன்?

போன வருஷம் மே மாதம்.
ஊரில் எல்லா மீட்டரும் ஏறிக்கொண்டிருக்க
ஜெசிந்தா, மூன்றாம் மாடி, பின்பக்கம்,
அவளுடையது மட்டும் இறங்கியிருந்தது.
திருட்டு என்றுதான் நினைத்தேன்.
சீலைப் பார்த்தேன், ஒயரைத் தடவிப் பார்த்தேன்,
மூச்சு வாங்க ஏறிப்போய்த் தட்டினேன்.

குளித்துத் துவட்டாமல் வந்தவள் மாதிரி
நனைந்துபோய்த் திறந்தாள்.
ஜன்னலை அடைத்து மெத்தை. சுவரெல்லாம் போர்வை.
நடுவில் ஸ்டூல், கிடார், ஒரு மைக்.
"ஃபேன் சத்தம் பாட்டுக்குள்ள வந்துடுது சார்."
"ஏசி?"
"அது இன்னும் மோசம்."
"ஃபிரிட்ஜ்?"
"பாடும்போது பிடுங்கி வச்சிடுவேன்.
ரெண்டு தடவ பால் கெட்டுப்போச்சு."

குடிக்கத் தண்ணீர் தந்தாள். வெந்நீராக இருந்தது.
அதைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லியிருப்பேன்,
பல்லியை, பிரசவத்தை, பாதியானதை.

ஐந்தாவது பாட்டில்
கோயம்பேட்டில் கொத்தமல்லிக் கட்டுகளுக்குள்
தாலியைத் தவறவிட்டவள்.
ஏழாவதில்
லிஃப்டில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம்
ராஜினாமாக் கடிதத்தை ஒத்திகை பார்க்கிற பேங்க் மேனேஜர்.
அவர்களுக்கும் தண்ணீர் கொடுத்திருப்பாள்.
யாருக்காவது பூனை கிடைத்ததா தெரியவில்லை.

என் பாட்டின் கடைசியில்
மாசிலா ஒரு ரீடிங்கைக் குறைத்து எழுதுகிறான்.
பதினாலாம் நம்பர் வீடு.
கணவனுக்கு இரண்டு மாதம்
இரவும் பகலும் ஓடிய ஆக்ஸிஜன் மெஷின்.
அவர் போய்விட்டார். பில் வந்து நிற்கிறது.
அவள் அங்கே குரலை உயர்த்தவில்லை,
எண்களை மட்டும் பாடுகிறாள்,
ஒவ்வொன்றாக,
கடைசி எண்ணுக்கு முன் ஒரு மூச்சு.

நாங்கள் சேர்ந்து கேட்டோம்,
ஒரு காதில் எஸ்தர், ஒரு காதில் நான்,
பெரம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டு.
"யாரந்தப் பதினாலாம் நம்பர்?" என்றாள்.
கற்பனை என்றேன்.

கற்பனைதான்.
இருபத்தாறு வருஷத்தில் ஒரு யூனிட் குறைத்ததில்லை.

ஆனால் அப்படி ஒரு வீடு இருந்தது.
ஜெசிந்தாவுக்கு அது தெரியாது,
யாருக்கும் தெரியாது.
கதவுக்குப் பின்னால் அந்த மெஷின்
பேசாமல் நின்றுகொண்டிருந்தது.
அந்தம்மா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் முழுசாக எழுதினேன்.
அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது
தேதி சொன்னேன்,
தாண்டினால் அபராதம் என்று.

நேற்று ராத்திரி
ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன்.
கடைசி எண்ணுக்கு முன் வரும் அந்த மூச்சில்
காற்றே இல்லை,
அந்த மே மாதத்து அறைதான் இருந்தது.
எஸ்தர் புழுக்கத்தில் புரண்டு
"கரண்ட மிச்சம் பிடிக்கிறியா?" என்றாள்.
இன்னும் ஒரு பாட்டு என்றேன்.
அதே பாட்டைத்தான் வைத்தேன்.