அப்பன் எரிந்தவன்

ஹாம்பர்க் நீதிமன்றம், மூன்றாம் மாடி.
ஒலிப்பதிவில் ஒரே ஒரு சொல்:
பெதர்சுக்தே.

கம்பளக் கிடங்கின் கூட்டாளிகள்.
சொன்னவர் ஹூத்தன்,
புகார் கொடுத்தவர் கியூமர்ஸ்.
வசையா கொஞ்சலா என்றார் நீதிபதி,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

அப்பன் எரிந்தவன். சொல்லுக்குச் சொல் அவ்வளவுதான்.
யார் எரித்தது, எதற்கு என்றெல்லாம்
எங்கள் பக்கம் யாரும் கேட்பதில்லை.

இன்னொரு முறை போடச் சொன்னேன்.
கடைசி எழுத்தை இழுத்தால் கொஞ்சல்,
வெட்டினால் வசை.
சரியாக அங்கேதான்
ஹூத்தன் இருமியிருக்கிறார்.

ஷீராஸில், எட்டாம் வகுப்பில்,
அப்பாவின் சவர பிளேடில் பென்சில் சீவி
மொக்கையாக்கி வைத்தேன்.
நுரை அப்பிய முகத்தோடு
அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.
அப்படியானால் எரிந்தவர் யார்?
அவர் யோசிக்கவில்லை. நானும்
இன்று வரைக்கும்.

இரண்டும்தான் என்றேன்.
ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த நேரம் பார்த்து
கியூமர்ஸ் தரையைப் பார்த்தபடி
பாரசீகத்தில் முணுமுணுத்தார்:
இருமல் இன்னும் நிற்கவில்லையா,
பெதர்சுக்தே?

என்ன சொல்கிறார், என்றார் நீதிபதி.

உறுதிமொழி எடுத்தவள்தான் நான்.
தண்ணீர் கேட்கிறார், என்றேன்.