பெற்றோர் கவனத்திற்கு

‘அன்புள்ள பெற்றோர்களே’ என்று தொடங்கி
பெரியம்மா, மாமா, மாடி வீட்டு அக்கா என்று
ஓரத்தில் இடுக்கி எழுதுகிறேன்.
முப்பத்தொரு பிள்ளைகளில் பதினொரு பேரை
வாசல்வரை கொண்டுவந்து விடுவது அவர்கள்தான்.

அரையாண்டுத் தேர்வு பதினைந்தாம் தேதி.
மழை பிடித்தால் பதினெட்டு.
அன்றைக்கும் பிடித்தால்
என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

விடுமுறைச் செய்தியை டிவியில் கடைசிவரை கேளுங்கள்.
திருவள்ளூருக்கு விட்டால் நமக்கு விட்டதாகாது.
போன மாதம் பாதி கேட்டுவிட்டு
வகுப்பே போர்த்திப் படுத்துவிட்டது.
நானும் லியாகத்தும் மட்டும்
எதிரெதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம்.
கேலி செய்ய ஆளில்லாத அந்தக் காலையில்
மூன்றாம் வாய்ப்பாட்டைத்
திக்காமல் சொன்னான் அவன்.
இதை அடித்துவிட வேண்டும். சுற்றறிக்கைக்கு ஆகாது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால் நில்லுங்கள்.
கூட்ஸ் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று
பிள்ளையை அடியில் தள்ளி
நீங்கள் பின்னால் குனியாதீர்கள்.
சொல்லிக்கொண்டு கிளம்புகிற வண்டியில்லை அது.
மணியடித்து அரைமணிநேரம்
வருகைப்பதிவேட்டை மூடாமல் வைத்திருப்பேன்,
சத்தியமாக.

ஷூ வேண்டாம், தெருத் தண்ணீர் வடியும்வரை செருப்பு போதும்.
குடிக்க, கொதித்து ஆறிய தண்ணீர்.
குரங்குக் குல்லா போடுங்கள், தவறில்லை.
வகுப்புக்குள் கழற்றச் சொல்லிவிடுங்கள்.
யார் பேசியது என்று தெரியாமல்
நேற்று ஒரு குல்லா வரிசையையே
நிற்க வைத்துவிட்டேன்.

போகிக்கு டயர் வேண்டாம்.
பாயையும் பழந்துணியையும்கூட
யோசித்துக் கொளுத்துங்கள்.
தன்விகாவின் இன்ஹேலர்
இப்போதே என் கைப்பையில்
பஸ் சில்லறையோடு கிடக்கிறது.

கண்டெடுத்த பொருள்:
ரோஸ் நிற ஸ்வெட்டர் ஒன்று,
இடது கையில் பித்தான் இல்லை,
இரண்டு வாரமாக என் நாற்காலி முதுகில்.
உரியவர் பெற்றுக்கொள்ளவும்,
இனிமேல் பெயர் தைத்து அனுப்பவும்

என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே
நாலாம் வகுப்பு ரோஸ்லின் எட்டிப் பார்த்தாள்.
உன்னோடதா?
‘ஆமா மிஸ்.’
ரெண்டு வாரமா ஏன்டி கேக்கல?
‘தம்பி முறைன்னு நெனச்சேன்.’
ஒன்றாம் வகுப்புக்குப் போய்த் தம்பியைக் கேட்டால்
அவன் அக்கா முறை என்று நினைத்திருக்கிறான்.
பதினான்கு நாள் பனியில்
இருவரும் சட்டையோடு வந்திருக்கிறார்கள்,
ஒருவருக்கொருவர்
விட்டுக்கொடுத்திருப்பதாக நம்பி.

கண்டெடுத்த பொருள்: இல்லை.
பெயர் தைப்பது பற்றிய வரியையும் எடுத்துவிட்டேன்.
யார் பெயரைத் தைப்பார்கள்?

இருபத்து நான்கிலிருந்து விடுமுறை.
திறக்கும் தேதி பின்னால் வரும்.
மூன்றாம் பருவப் புத்தகங்களுக்குப்
பை கொண்டு வரவும், நனையாத பை.
கீழே உள்ள பகுதியைக் கிழித்துக்
கையெழுத்திட்டு நாளைக்கே அனுப்பவும்.

மறுநாள் இருபத்தாறு துண்டுகள் வந்தன.
கைநாட்டு நான்கு.
சாம்பார் பட்டது ஒன்று.
‘மிஸ் மத்தியானம் முட்டை சின்னதா இருக்குதாம்’
என்று பின்பக்கம் ஒரு புகார், நியாயமானது.
பிறகு, காசிமேட்டிலிருந்து
ஒன்பது நாளாகக் கடலில் இருக்கும்
புகழேந்தியின் கையெழுத்து.

‘பு’ நடுங்கியிருந்தது.
‘தி’ கோட்டை விட்டு இறங்கியிருந்தது.
‘ழே’ மட்டும்
கரும்பலகையில் நான் போட்டுக் காட்டியபடியே
அடியில் சுழித்து வால் முடிந்திருந்தது.

முதல் பெஞ்சைப் பார்த்தேன்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
பதிவேட்டில் எழுதினேன்:
பெற்றோர் கையொப்பம், பெறப்பட்டது.