விற்பனைக்கு அல்ல

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை எனக்கு.
கோணலாய் விழுந்த தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்,
பின்பக்கம் வெள்ளைதானே.

இன்றைய தாளின் முன்பக்கம்
யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு.
ஐந்து பேர், தலை பாதி வெட்டுப்பட்டு.
பின்பக்கம் நாங்கள் நான்கு பேர்:
சாமியார்பேட்டைக் கடற்கரை, ஒரு ராத்திரி.

பஸ்.
டவுன் பஸ்ஸாய்ப் பார்த்து ஏறினால்
எனக்கும் ஆதிரைக்கும் காசில்லை.
அவருக்கும் பையனுக்கும் உண்டு.
"அப்ப நீங்க ரெண்டு பேரே போயிட்டு வாங்க,
இன்னும் மிச்சம்" என்கிறார் ராஜகுரு,
சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு.

புதுச்சத்திரத்தில் இறங்கி ஆட்டோ,
போக வர நூற்று அறுபது.
அரிசி, புளி, மிளகாய்த்தூள் வீட்டிலிருந்து.
படகு வரும் நேரம் கரையில் நின்றால்
நூறு ரூபாய்க்குக் கவலை கிடைக்கும்.
மீனைச் சொன்னேன்.
மற்றது கையிருப்பிலேயே உண்டு.

சவுக்குத் தோப்புக் காவலாளிக்கு இருநூறு.
எங்கள் கடையில் பட்டா நகல் எடுத்தவர்தான்,
நூற்றைம்பதுக்கு இறங்குவார்.

டென்ட் வந்த இடத்தில்தான் பேனா நின்றது.
பாண்டிச்சேரியில் வாடகை எழுநூறு,
முன்பணம் இரண்டாயிரம்,
ஆதார் நகல் இரண்டு.
நகலுக்கு மட்டும் என்னால் ஆகும்.
இளம்பரிதி போனில் காட்டுகிறான்:
ஆரஞ்சு நிறம், ஜிப் வைத்த வாசல்,
உள்ளே தொங்குகிற குட்டி விளக்கு.

"பரண்மேல ஒரு தார்ப்பாய் கிடக்கே" என்றேன்.

ஃபேன் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

கெடிலம் எங்கள் தெருவுக்குள் நடந்த வருஷம்
பள்ளிக்கூடத்தில் ஒன்பது ராத்திரி இருந்தோம்.
ஐந்தாம் வகுப்பு, பி பிரிவு.
கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட பின்னக் கணக்கு.
ஆதிரை என் வயிற்றில்.
செலவு என்று பார்த்தால்
அதைவிட மலிவாய் நாங்கள் எங்கும் தங்கியதில்லை.
பாய் வந்தது, பால்பவுடர் வந்தது,
எலுமிச்சை சாதம் மூன்று வேளையும் வந்தது.
ஒன்பது ராத்திரியும் ராஜகுரு
வாசற்படியில் உட்கார்ந்தே விடிய வைத்தார்.
பாம்பு வரும் என்றார்.
பாம்பு வரவில்லை.

"நாமதான் ஏற்கெனவே கேம்ப் போயிருக்கோமே," என்றான் பரிதி.
மூன்று வயது அப்போது அவனுக்கு.
"பொட்டலத்துலேர்ந்து எடுத்த ரப்பர் பேண்டெல்லாம்
கையில வளையல் மாதிரி போட்டிருந்தேன்.
சூப்பரா இருந்துச்சுல்லப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

விரித்தபோது மடிப்புகளிலிருந்து
சேறு பொடியாய்க் கொட்டியது.
இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை.
கூடம் முழுக்க நீலம்.
நடுவில் கறுப்பு எழுத்துகளை
எழுத்துக்கூட்டிப் படித்தாள் ஆதிரை:
நிவாரணப் பொருள். விற்பனைக்கு அல்ல.

"அப்ப இத யாரும் வாங்க முடியாதா?"
"முடியாது."
"எழுநூறு குடுத்தாலும்?"
"குடுத்தாலும்தான்."
மூவாயிரம் வரைக்கும் ஏற்றிப் பார்த்துவிட்டு
தார்ப்பாய்க்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"எழுத்து உள்பக்கம் போற மாதிரி கட்டிக்கலாம்"
என்றார் ராஜகுரு, என்னைப் பார்க்காமல்.
நானும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால்
ஆட்டோக் கூலிக்கும் மீனுக்கும் பின்னாலிருந்து
அந்த ஐந்து பேர் தெரிகிறார்கள்.
அவர்கள் எங்கே போவார்களோ, லீவுக்கு.

பிறகு நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து
டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கினோம்.
பதினொரு ஓட்டை.
பரிதி பன்னிரண்டு என்கிறான்,
ஒன்று அசைகிறது, அது பூச்சி.
சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பசையே போதுமாம்.

ஒட்டு: முப்பது ரூபாய் என்று எழுதினேன்.
அதன்கீழ், வழக்கம்போல,
எதிர்பாராதது: இருநூறு.
"அது எதுக்கு?" என்றார்.
எதற்கென்று தெரிந்தால்
வேறு பெயரில் எழுதியிருப்பேனே.

இன்னும் கூட்டவில்லை.
துணிக்கொடியில் தார்ப்பாய் சொட்டுகிறது,
முதலில் பழுப்பாய்,
இப்போது கொஞ்சம் தெளிந்து.