ஏழாவது சால்

ஒடுகத்தூர் மேட்டுக்கொல்லை.
ஆடி மூணாம் வாரம், மழை விட்ட ஈரம்.
விதை மல்லாட்டையில்
வேப்பெண்ணெயும் சாம்பலும் பிசறித் தந்தார்
கொல்லைக்காரர்.
விதைக்கிறவள் வாய்க்குப் போகக்கூடாதாம்.

என் ஏருக்குப் பின்னால் பூங்காவனம்.
ஆறு மாசம்.
சாணுக்கு ஒரு பருப்பாய்ப் போட்டு வந்தவள்
ஏழாவது சாலில் கொஞ்சம் பின்தங்கினாள்.
முந்தானையில் துடைத்துத் துடைத்து
அவள் மெல்லும் சத்தம்
மாட்டு மணிக்கு நடுவே கேட்டது.
திரும்பவில்லை.
சும்மா போன செவலையை
'ஹேய்' என்று அதட்டினேன்.

மதியம் கேழ்வரகுக் கூழ், சுட்ட கருவாடு.
ரெண்டு சொம்பு குடித்துவிட்டு
மூணாவதுக்கும் கை நீட்டினாள்.

பத்தாம் நாள் பயிர் எழுந்தது.
மண்ணுக்கு மறைக்கத் தெரியாது.
ஏழாவது சாலில் பதினோரு சந்து.
வரப்பில் நின்று எண்ணியவர்
என்னைப் பார்த்தார்.

"காக்கா" என்றேன்.
"ஒரே சாலிலயா?"
"ஒரே காக்கா."

கார்த்திகையில் செடி பிடுங்கினோம்.
காய் ஆய வந்தவள் மடியில்
பச்சைப்பிள்ளை
தொண்டை கிழியக் கத்தியது.

"இதானாடா அந்தக் காக்கா?"
என்றார் கொல்லைக்காரர்,
அவள் கூலிக்கு மட்டும்
மரக்காலைத் தலைதட்டாமல்
அளந்துகொண்டே.