நடு லைன்

சத்துவாச்சாரி, வாடகை ஹால், மூன்றாவது மாடி.
பத்தரைக்கே ஏ.சி. கையை விரித்துவிட்டது.
முப்பத்தோரு ஆலோசகர்கள், ஆளுக்கொரு நோட்டு.
காப்பி ஆறுவதற்குள் பெனடிக்டா மேடம்
பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்:
வந்தவர் சொன்ன சொல்லை மாற்றாதே.

"அவர் சேறு என்றால் சேறு.
நீங்கள் அதைப் புதைகுழி ஆக்கக்கூடாது.
எந்த மாதிரி சேறு, எங்கே இருக்கிறது,
அதைப் பற்றி இன்னும் ஏதாவது?
இவ்வளவுதான் உங்கள் வேலை."

ராணிப்பேட்டை குப்புராஜ் மாதிரிக்கு எழுந்து நின்றார்.
"வயித்துல ரோடு போடறாங்க மேடம்."
"தார் கொதிக்குதா?" என்று கேட்டுவிட்டார் மேடம்.
"தாரே இன்னும் வரல. ஜல்லி கொட்டிட்டுப் போய்
எட்டு மாசம் ஆச்சு."
ஹால் முழுக்கச் சிரிப்பு.
மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு முனிரத்தினம் ஞாபகம் வந்துவிட்டார்.
வளத்தூர்க்காரர், ஷூ கம்பெனியில் கட்டிங்.
போன ஐப்பசியில் என் எதிரே உட்கார்ந்து,
நெஞ்சைக்கூடத் தொட்டுக் காட்டாமல் சொன்னார்:
"உள்ள ஒரு கூட்ஸ் நின்னுகினு கீது மேடம்.
நடு லைன்ல."
நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாகத் தலையாட்ட வரும்.
"மனசுல பாரம் ஜாஸ்தி ஆயிடுச்சு, இல்லையா?"
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"அப்டியே வெச்சுக்கோங்க" என்றார்.
அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

பாரம் என்று அவர் சொல்லவேயில்லை.
காலி வேகனாக இருந்திருக்கலாம்.
இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம்.
வெறும் சிக்னலுக்காகக்கூட நின்றிருக்கலாம்.
அவர் நின்றது எந்தப் பக்கம்,
வீடு எந்தப் பக்கம்,
குனிந்து சக்கரத்துக்கு நடுவே புகுந்து
அந்தப் பக்கம் போகிறவர்களில் அவரும் ஒருவரா.
இதையாவது கேட்டிருக்க வேண்டும்,
இந்த ஒன்றையாவது.

மதியம் எலுமிச்சை சாதம், நமுத்துப்போன சிப்ஸ்.
பிறகு இருவர் இருவராகப் பயிற்சி.
எனக்கு வாய்த்தவள் ஷாஹிதா,
பேரணாம்பட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்து ஆறு மாதம்.
கேள்விகள் அச்சடித்த தாளை மடிமேல் விரித்திருந்தாள்.
"ஒரு கேஸ். ஃபைலை மூடிட்டேன்" என்றேன்,
பேச்சை அங்கேயே முடித்துவிட.
"மூடிட்டேன்னா, எந்த மாதிரி மூடினது?"
"நாடா கட்டி."
"அந்த நாடாவைப் பற்றி இன்னும் ஏதாவது?"
பரீட்சை எழுதுகிற மாதிரிதான் கேட்டாள்,
வரிசை தப்பாமல், முகத்தைப் பார்க்காமல்.
"முடிச்சு" என்றேன்.
"என்ன மாதிரி முடிச்சு?"
"ஒரு நுனியை இழுத்தா வந்துடும்."
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
அவள் தாளில் அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள்
மணி அடித்துவிட்டார்கள்.

சான்றிதழில் என் பெயரில் ஒரு புள்ளி குறைச்சல்.
காட்பாடி மேம்பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றது.
கீழே நிஜமாகவே ஒரு கூட்ஸ்.
மேலிருந்து எட்டினால் வேகனுக்குள் தெரியும்.
எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.
அது அவருடையது இல்லை.

குடியாத்தம் வந்து கிளினிக்கைத் திறந்தேன்.
அலமாரி, மேலிருந்து இரண்டாவது தட்டு.
நாடா வந்துவிட்டது.
'நோக்கம்: மனச்சோர்வு. பாரம்.' என் கையெழுத்து.
அதற்கு மேலே அவருடைய செல் நம்பர்,
கடைசி இலக்கம் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை.
பஞ்சிங் மெஷினை அழுத்தியது நான்தான்.
ஒன்பது இலக்கம் மிச்சம்.
பத்து பேரில் ஒருவர் அவர்.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.
ஒரு பெண் எடுத்தாள். பின்னால் குக்கர் விசில்.
ராங் நம்பர் என்றாள்.
அடுத்து, ஒன்று.